சுவரில் எழுதியவர் கருதியது பொருளா, கடந்து போகிறவர் கொள்வது பொருளா?

பாதசாரி (கேள்வி):
நான் வழக்கமாக நடந்து செல்லும் பாதையில், நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தின் சுவரில் 'இன்னும் முடியவில்லை' என்று யாரோ கறுப்பு வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே, வேறொரு கையெழுத்தில், சிவப்பு நிறத்தில், 'எது?' என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை இடிப்பதற்கு எதிரான குரல் இது என்கிறார் ஒரு நண்பர். முறிந்துபோன காதல் என்கிறார் இன்னொருவர். எனக்கோ, யாரோ எழுதத் தொடங்கி, ஆள் வரும் ஓசை கேட்டுப் பாதியில் விட்டுப்போன முழக்கமாகவே படுகிறது. எழுதியவரைக் கேட்க வழியில்லாத நிலையில் இவற்றுள் ஒன்றைச் சரியென்று சொல்ல முடியுமா, அல்லது தெருச்சுவர் எழுத்துக்கு அவரவர் கொள்வதுதான் பொருளா? சுவர்க்கலையின் அழகைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ நான் கேட்கவில்லை.

கரித்துண்டு:
பொருள் என்ன என்பதற்கு முன், அது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்பதே முறை என்பேன். 1970ஐ ஒட்டிய காலத்தில் நியூயார்க் நகரத்துச் சுவர்களிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் 'டாக்கி 183' என்ற எழுத்து திரும்பிய பக்கமெல்லாம் தென்பட்டது. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, 'டாக்கி' என்பது ஓர் இளைஞரின் செல்லப்பெயர், 183 அவர் குடியிருந்த தெருவின் எண் என்று தெரியவந்தது. அதற்கு மேல் அதில் மறைபொருள் எதுவும் இல்லை. 'டேக்' எனப்படும் இத்தகைய கையொப்பங்கள் பெரும்பாலும் நம்மை நோக்கியவை அல்ல, அதே வேலையைச் செய்யும் மற்றவர்களை நோக்கியவை. எவ்வளவு உயரத்தில் எழுதினார், கை எட்டாத எந்த இடத்தை எட்டினார், கோடு எவ்வளவு துணிவாக விழுந்திருக்கிறது என்பவற்றைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். ஒருவர் மெனக்கெட்டு வரைந்த பெரிய ஓவியத்தின்மேல் இன்னொருவர் அவசரக் கையொப்பம் இட்டால், அது அவர்களிடையே வெளிப்படையான அவமதிப்பு; நாம் அழுக்கு என்று முகம் சுளித்துக் கடக்கும் அதே சுவரில் அவர்கள் ஒரு சண்டையைப் படிக்கிறார்கள். உங்கள் சுவரில் இருப்பதோ, யாரும் படிக்கக்கூடிய எழுத்தில் அமைந்த முழு வாக்கியம். ஆகையால் அது வழிப்போக்கரை நோக்கியதே என்று துணிந்து சொல்லலாம். அதற்கு அப்பால் சொல்வதெல்லாம் ஊகம்.

குறுக்குச்சந்து:
சுவரை விட்டுத் தரைக்கும் வாருங்கள். அமெரிக்காவில் சாலையைத் தோண்டுவதற்கு முன், மின்கம்பிக்குச் சிவப்பு, குடிநீர்க் குழாய்க்கு நீலம், எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள் என்று அடையாளமிடும் முறை உண்டு. இந்த முறையை அறியாதவர் கண்ணில் அதுவும் கிறுக்கல்தான். பயந்தவர் கண்ணில் படும் சாதாரணக் கோடு, திருடர்கள் வீட்டைக் குறித்து வைத்த அடையாளமாகவே ஆகிவிடும். அவரவர் கொள்வதே பொருள் என்றால் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

நடைமேடை:
கரித்துண்டு சொல்வது கையொப்பங்களுக்குப் பொருந்தும்; ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்பது திட்டவட்டமாகத் தெரிந்த இடத்திலும் பொருள் நிலையாக நிற்பதில்லை. ஆர்தர் ஸ்டேஸ் என்பவர் 1932 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சிட்னி நகரத்து நடைபாதைகளில் 'நித்தியம்' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைச் சாக்கட்டியால் எழுதிக்கொண்டே இருந்தார். மொத்தம் ஐந்து லட்சம் தடவைகள் இருக்கும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு, ஒரு கிறித்தவப் பிரசங்கத்தைக் கேட்டு எழுதத் தொடங்கியவர் அவர். அவரைப் பொறுத்தவரை அது மறுமையைப் பற்றிய எச்சரிக்கை. எழுதுபவர் யார் என்பது 1956இல்தான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. அதுவரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பெயரற்ற ஒரு கையின் அழகிய எழுத்தைப் பார்த்துத் தமக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டு போனார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்த இரவில் அதே சொல், அவருடைய கையெழுத்தின் வடிவிலேயே, சிட்னித் துறைமுகப் பாலத்தின்மேல் ஒளிவிளக்குகளால் மின்னியது. கொண்டாட்டத்தில் கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் அதை எச்சரிக்கையாகப் படித்திருப்பார்கள்? அவர்கள் படித்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டேஸ் சொல்ல வந்தது அதுதான் என்று சொல்லவும் முடியாது.

பாதசாரி:
இரண்டையும் பிரித்துக் காட்டியதற்கு நன்றி. அப்படியானால், எழுதியவர் சொன்னது ஒன்று, எழுத்து பின்னால் பெற்றுக்கொண்டது இன்னொன்று; எல்லா வாசிப்புக்கும் ஒரே எடை என்று ஆகிவிடாதா?

வெள்ளையடிப்பு:
ஆகாது. 2011இல் சிரியாவின் தரா நகரில், பள்ளிச் சுவரில் 'அடுத்து உன் முறை, டாக்டர்' என்று சிறுவர்கள் எழுதினார்கள். அன்றைய அதிபர் அசாத் கண் மருத்துவம் படித்தவர்; 'டாக்டர்' என்றது அவரைத்தான். அது துணிச்சலா, சிறுபிள்ளைக் குறும்பா என்று எப்படி வேண்டுமானாலும் படித்திருக்கலாம். காவல் துறை படித்த விதத்தில் படித்ததால் சிறுவர்கள் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார்கள். அதை எதிர்த்து எழுந்த போராட்டம் நாடெங்கும் பரவியது. அதிகாரம் உள்ளவரின் வாசிப்புக்குத்தான் அன்று எடை இருந்தது.

கரித்துண்டு:
உங்கள் சுவரின் இரண்டாவது கையை நாம் எல்லோரும் விட்டுவிட்டோம். பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியின் ஒரு மதுக்கடைச் சுவரில், சுக்செசுஸ் என்ற நெசவாளி விடுதிக்காரியின் அடிமைப் பெண் ஐரிஸைக் காதலிக்கிறான், அவளோ அவனைப் பொருட்படுத்துவதில்லை என்று அவனுடைய போட்டியாளன் கீறிவைக்க, பொறாமைக்காரனே என்று விளித்து மறுமொழி எழுதப்பட்டிருக்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடியதால் அந்தச் சச்சரவு அப்படியே நமக்குக் கிடைத்தது. போட்டியாளன் எழுதியதை மட்டும் பார்த்திருந்தால் அதை ஒரு பொதுச் செய்தி என்றே நினைத்திருப்போம். அது வம்பு என்பதை மறுமொழிதான் காட்டிக்கொடுக்கிறது. 'எது?' என்று எழுதியவரும் நம்மைப்போல் வழிப்போக்கர்தான், ஆனால் சுவரிலேயே கேட்டிருக்கிறார். யாராவது வெள்ளையடிப்பதற்குள் இரண்டு வரியையும், சுற்றியுள்ள கதவு, பலகை, அறிவிப்பு எல்லாம் தெரியும்படி, தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்றாவது வரி வந்தால் இங்கே தெரிவியுங்கள்.