பிச்சி என்று அடித்தால் "அந்தப் பூ இல்லை" என்கிறது: பூக்கடை பில் போடும் ஜாவா புரோகிராமுக்கு உதவி வேண்டும்

தோவாளைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜாவா இந்தப் பருவத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

அப்பாவுக்குத் தோவாளை மார்க்கெட்டில் பூக்கடை. விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். கேரளாவுக்குப் போகிற வண்டிக்காரர்கள் ஒரு நிமிஷம் நிற்கமாட்டார்கள். அப்பா ஒரு கையில் தராசைப் பிடித்துக்கொண்டே துண்டுத்தாளில் கணக்கு எழுதுவார். போன ஓணத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று பில்லில் தப்பு வந்தது. அவர் எழுதிய 7-ஐ அவரே 1 என்று வாசித்திருக்கிறார். கண்ணில் புரை என்று பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறோம். அதற்கு முன்னால் அடுத்த முகூர்த்த சீசன் வந்துவிடும். பூ பெயரும் எடையும் அடித்தால் தொகையைப் பெரிய எழுத்தில் காட்டுகிற ஒரு சின்ன புரோகிராமாவது அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப், அதில் உபுண்டு, ஜாவா 17. கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். வேரியபிள்களுக்கு மட்டும் நிஜமாகவே தமிழில்தான் பெயர் வைத்திருக்கிறேன், ஜாவா ஏற்றுக்கொள்கிறது.

நாம் அடிப்பதை வாசிக்கிற ஸ்கேனரில், ஒரு வரியை முழுதாக எடுக்கிற நெக்ஸ்ட்லைன் போட்டு வாங்குகிற பூவின் பெயர் "பூ" என்ற ஸ்ட்ரிங்குக்குள் (எழுத்துத் தொடர்) போகிறது. அடுத்த வரியில் இஃப், அடைப்புக்குள் பூ == "பிச்சி". உண்மையானால் கிலோ 800 ரூபாய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 800 என்பது சோதனைக்குப் போட்ட எண்தான். இப்படியே பத்துப் பூவுக்கும் பத்து இஃப்.

ஓடவிட்டு பிச்சி என்று அடிக்கிறேன். நேராக எல்ஸுக்குப் போய் "அந்தப் பூ இல்லை" என்கிறது. மல்லி, அரளி, எதை அடித்தாலும் அதே பதில்தான். எரர் எதுவும் வரவில்லை, கம்பைல் சுத்தமாக ஆகிறது.

என்னை ரொம்பக் குழப்பியது வேறு. ஸ்கேனரை எடுத்துவிட்டு, பூ = "பிச்சி" என்று நானே கோடில் எழுதிவைத்து ஓடவிட்டால் 800 சரியாக வருகிறது! அதே எழுத்து, அதே இஃப். வாங்கின பெயரை சதுர அடைப்புக்குள் போட்டு அச்சிட்டும் பார்த்தேன். [பிச்சி] என்றுதான் வருகிறது, முன்னும் பின்னும் இடைவெளி இல்லை.

லேபில் கேட்டேன். புத்தகத்தில் இருக்கிற புரோகிராமை முதலில் அடித்து முடி என்றார்கள். அதை முடித்துவிட்டேன். இது எனக்குப் புரிய வேண்டும். இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

நாகர்கோவில் டீச்சர்:

மக்களே, கேள்வியை நல்லாக் கேட்டிருக்கிறாய். என்ன அடித்தாய், என்ன வந்தது, எதை மாற்றியபோது சரியானது என்று மூன்றும் இருக்கிறது. "என் புரோகிராம் ஓடவில்லை" என்று ஒரே வரியில் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

உன் தப்பு இஃப்பில் இருக்கிற == குறியில். எண்களுக்கு அது மதிப்பை ஒப்பிடும். ஸ்ட்ரிங் ஒரு ஆப்ஜெக்ட், அங்கே == கேட்கிற கேள்வியே வேறு. உங்கள் கடையில் ஒரு கூடை பிச்சி, எதிர்க்கடையில் ஒரு கூடை பிச்சி இருக்கிறது என்று வை. == கேட்பது "இது இரண்டும் ஒரே கூடையா?" என்று. பதில் இல்லை என்றுதானே வரும்? உனக்குத் தெரிய வேண்டியது "இரண்டு கூடையிலும் ஒரே பூவா?" என்பது. அதைக் கேட்பது ஈக்வல்ஸ்.

அப்படியானால் நீயே எழுதிவைத்தபோது ஏன் சரியாக வந்தது? கோடுக்குள் மேற்கோளில் எழுதுகிற ஸ்ட்ரிங்குகளை ஜாவா ஒரு பொது இடத்தில் சேமிக்கிறது. "பிச்சி" என்று பத்து இடத்தில் எழுதினாலும் அங்கே ஒரே கூடைதான். அதனால் == உண்மை என்றது. ஸ்கேனர், நீ அடித்த எழுத்துகளைக் கொண்டு ஓடும் நேரத்தில் புதுக் கூடை கட்டுகிறது. எழுத்து ஒன்று, கூடை வேறு. நான் 14 வருஷமாக ஜாவா சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இடத்தில் தடுக்காமல் போன பிள்ளை என் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

இப்படி எழுது: "பிச்சி".ஈக்வல்ஸ்(பூ). தெரிந்த ஸ்ட்ரிங்கை முன்னால் வைத்தால், பூ ஒருவேளை நல் ஆக, அதாவது எதையும் சுட்டாததாக இருந்தாலும் புரோகிராம் உடையாது.

அப்புறம், பத்துப் பூவுக்குப் பத்து இஃப் வேண்டாம். பூ விலை தினமும் மாறும். ஒவ்வொரு காலையும் கோடைத் திறந்து மாற்றிக் கம்பைல் செய்துகொண்டு இருப்பாயா? விலை எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வை, வரிக்கு ஒரு பூ, காற்புள்ளி, விலை. தொடங்கும்போது அதை வாசித்து, பெயரைக் கொடுத்தால் விலையைத் தருகிற ஹாஷ்மேப்பில் போடு. மேப் உள்ளுக்குள் ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் இரண்டையும் வைத்துத்தான் தேடும், == தொல்லையே வராது. வாசிக்கிற பெயருக்கு, முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை நீக்குகிற ஸ்ட்ரிப் போட மறக்காதே. ஃபைலில் வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால் அதுவும் வேறு பெயராகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எடையை, முழு எண்ணை மட்டும் எடுக்கிற நெக்ஸ்ட்இன்ட்டில் வாங்கினால், எண்ணுக்குப் பிறகு நீ தட்டின என்டர் அப்படியே மிச்சம் நிற்கும். அடுத்த நெக்ஸ்ட்லைன் அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு வெறும் ஸ்ட்ரிங் தரும். எல்லாவற்றையும் நெக்ஸ்ட்லைனிலேயே வாங்கி, எண்ணை இன்டீஜர்.பார்ஸ்இன்ட்டால் மாற்றிக்கொள்.

தோவாளைப் பொண்ணு:

டீச்சர், கூடை சொன்னதும் புரிந்துவிட்டது. ஈக்வல்ஸ் போட்டேன், பிச்சி வந்தது! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ராத்திரி உட்கார்ந்து மேப்புக்கு மாற்றினேன். ஏழு பூ சரியாக வருகிறது: பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, வாடாமல்லி, துளசி.

மூன்று பூ மட்டும் வரவில்லை. கொழுந்து, கோழிப்பூ, பட்டன் ரோஸ். இவற்றை அடித்தால் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன். மேப்பின் கெட் திருப்பிய மதிப்பு நல், அதனால் இன்ட்வேல்யூவைக் கூப்பிட முடியவில்லை என்று எரரிலேயே எழுதியிருக்கிறது. அதாவது மேப்பில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் ஃபைலைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறதே!

ஸ்ட்ரிப் போட்டிருக்கிறேன். ஸ்பேஸ் இல்லை. கடைசியாக லெங்த் பார்த்தேன். நான் அடித்த கொழுந்து 8, ஃபைலில் இருக்கிற கொழுந்து 9. நாலு எழுத்துச் சொல்லுக்கு 8 எதற்கு, 9 எதற்கு? அந்த ஒன்று எங்கே ஒளிந்திருக்கிறது?

ஃபைல் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் விலைப்பட்டியல் ஒன்றை டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தோம். அதை இணையத்தில் யூனிகோடாக மாற்றி, விலையை மட்டும் திருத்தினேன். புரோகிராம் ஓடும்போது நான் அடிப்பது தமிழ்99 விசைப்பலகையில்.

மார்த்தாண்டம் அண்ணன்:

தங்கச்சி, விடை உன் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. நான் திருவனந்தபுரத்தில் ஜாவா வேலைதான் பார்க்கிறேன், வார இறுதிக்கு ஊருக்கு வருவேன். தமிழ்ப் பெயர்கள் உள்ள ஒரு டேட்டாபேஸில் இதே சிக்கலில் நானும் மாட்டியிருக்கிறேன்.

வராத மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்: கொழுந்து, கோழிப்பூ, ரோஸ். மூன்றிலும் கொம்பும் காலும் உண்டு. வந்த ஏழில் ஒன்றிலாவது அந்த இரண்டும் சேர்ந்து இருக்கிறதா? கேந்தியில் கொம்பு மட்டும், வாடாமல்லியில் கால் மட்டும். அதனால் அவை தப்பித்தன.

யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒரே குறியாக எழுதலாம். அல்லது க, கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஜாவா திரையைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. சார்அட்டில் ஒவ்வொரு குறியாக எடுத்து இன்ட்டாக (முழு எண்) மாற்றி அச்சிடு. நீ அடித்ததில் 2965, 3018 என்று தொடங்கும். ஃபைலில் இருப்பதில் 2965, 3014, 3006 என்று தொடங்கும். அந்த 9-ஆவது ஆள் இங்கேதான் நிற்கிறான். பழைய எழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனி அச்சு, மாற்றும்போது அப்படியே தனித்தனியாக வந்திருக்கும்.

நாலு எழுத்துக்கு 8 எப்படி என்று கேட்டாயே. க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. எண்ணிப் பார், எட்டு. நாம் எழுத்து என்று சொல்வதை ஜாவாவின் லெங்த் எண்ணவில்லை. பெயரைத் திருப்பிப் போடுகிற பயிற்சி, எழுத்து எண்ணுகிற பயிற்சி எதையும் தமிழில் செய்யும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தீர்வு ஒரு வரிதான். ஜாவா டெக்ஸ்ட் பேக்கேஜில் நார்மலைசர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. நார்மலைசர்.நார்மலைஸ்(பூ, நார்மலைசர்.ஃபார்ம்.என்எஃப்சி). இது பிரிந்து கிடப்பதைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும். மேப்பில் போடும்போதும் செய், மேப்பில் தேடும்போதும் செய். ஒரு பக்கம் மட்டும் செய்தால் இன்னொரு நாள் இன்னொரு விசைப்பலகையில் மறுபடி மாட்டுவாய். "பெயரைச் சீராக்கு" என்று தனி மெத்தட் எழுதி, ஸ்ட்ரிப்பையும் இதையும் அதற்குள் வைத்துவிடு.

வேரியபிளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கேயும் இதே கதைதான். "தொகை" என்பதை இரண்டு விதமாக அடித்தால் ஜாவாவுக்கு அது இரண்டு வேரியபிள்.

டீச்சர் சொன்ன == விஷயத்தில் இன்னும் ஒரு குழி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு எண் கொடுத்து அதை இன்டீஜர் ஆப்ஜெக்ட்டாக வைத்தால், 127 வரைக்கும் == சரியாக வேலை செய்வதுபோல் காட்டும். மைனஸ் 128 முதல் 127 வரை எண்ணுக்கு ஒரு கூடை என்று ஜாவா முன்கூட்டியே எடுத்துவைத்திருக்கிறது, அதனால். 128-ஆவது வாடிக்கையாளர் வருகிற அன்று குழப்பம் தொடங்கும். அங்கேயும் ஈக்வல்ஸ்தான்.

தோவாளைப் பொண்ணு:

அண்ணா, அச்சிட்டுப் பார்த்தேன். 2965, 3014, 3006. நீங்கள் சொன்ன அதே எண்கள்! நார்மலைசர் போட்டதும் பத்துப் பூவும் வந்துவிட்டது.

இன்னும் ஒன்றே ஒன்று. எடையை கிராமில் இன்ட்டாக வாங்குகிறேன். கால் கிலோ பிச்சி என்று 250 அடித்தால் தொகை 0 ரூபாய். கோடில் கிராம் / 1000 * விலை.

மார்த்தாண்டம் அண்ணன்:

இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் ஜாவா மிச்சத்தைத் தள்ளிவிடும். 250-ஐ 1000-ஆல் வகுத்ததும் 0 ஆகிவிட்டது, அதற்குப் பிறகு 800-ஆல் பெருக்கி என்ன பயன்? பெருக்கலை முன்னால் கொண்டுவா: விலை * கிராம் / 1000. தசம எண்ணுக்கான டபுள் பக்கம் போகாதே, அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராமல் கடைசியில் ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். ரூபாய்க்குக் கீழே வேண்டுமானால் விலையைப் பைசாவில் வைத்துக்கொள்.

விலை, கிராம் இரண்டையும் இன்னும் பெரிய எண் தாங்குகிற லாங் ஆக மாற்றிவிடு. இன்ட் 2147483647-க்கு மேல் தாங்காது. கிலோ 3000 ரூபாய்க்கு ஒரு டன் கணக்குப் போட்டால் இடையில் வருகிற பெருக்கல் 300 கோடி, எல்லை தாண்டி மைனஸ் 12 லட்சத்துச் சொச்சம் என்று பில் காட்டும்.

தோவாளைப் பொண்ணு:

200 வந்தது. லாங் ஆகவும் மாற்றிவிட்டேன். டீச்சருக்கும் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

நாளைக் காலையில் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோகிறேன். அப்பா துண்டுத்தாளில் எழுதட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதில் அடிக்கிறேன். இரண்டு தொகையும் ஒரு வாரம் ஒத்துப்போனால் தாளை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தாமரை மட்டும் எங்களுக்கு எண்ணிக்கைக் கணக்கு, எடை இல்லை. அதை எங்கே பிரிப்பது என்று நானே எழுதிப் பார்க்கிறேன். மாட்டினால் கோடோடு வருகிறேன்.