சரிவில் படர்ரோஜா நட்டால் மண்ணை மூடுமா?

மலைச்சரிவு:
கோத்தகிரியில் வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை சரிவு, நாள் முழுக்க வெயில் விழும் இடம். கிகுயு புல் மண்டிக் கிடக்கிறது, அந்தச் சரிவில் நின்று புல் வெட்டுவது பெரும்பாடு. அதை எடுத்துவிட்டுத் தரையோடு படர்கிற ரோஜாவைப் போட ஆசை. நர்சரியில் கேட்டால் கொடி ரோஜாவைக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றா? எந்த ரகம் நல்லது?

ரோஜாப்பிரியன்:
ஒன்றில்லை. கொடி ரோஜா நீளக் கிளைகளை மேலே வீசும், பந்தலுக்குத்தான் சரி. நீங்கள் கேட்பது குட்டையாக அகலத்தில் விரிகிற வகை. ஜெர்மனியின் ரோஜா ரக உருவாக்குநர் நோவாக் 1980களில் உருவாக்கிய ஃப்ளவர் கார்பெட் இரண்டு, இரண்டரை அடி உயரம், மூன்றடி அகலம் வரும், திரும்பத் திரும்பப் பூக்கும். ஜப்பானில் வந்த நோஜோமி இன்னும் தாழ்வாகத் தரையை ஒட்டிப் படரும், ஆனால் வருஷத்துக்கு ஒரு முறைதான் பூ. நானாக இருந்தால் முதலாவதைத்தான் தேடுவேன், இரண்டடி இடைவெளியில் நடுவேன்.

களைக்கொத்தி:
ரகம் அப்புறம், முதலில் புல்லைப் பாருங்கள். ரோஜா இலை அவ்வளவு அடர்த்தி இல்லை, இடையில் வெளிச்சம் இறங்கும், மண்ணுக்குள் ஒரு துண்டு கிகுயு தண்டு மிஞ்சினாலும் அது செடிக்கு நடுவே கிளம்பிவிடும், பிறகு முள்ளுக்குள் கைவிட்டுப் பிடுங்குவதென்பது நடக்காத காரியம். தோண்டி எடுங்கள், ஒரு மழைக்கு மறுபடி துளிர்க்க விட்டு இன்னொரு முறை தோண்டுங்கள், அதன் பிறகே நடவு. நட்டதும் மூன்று அங்குலத்துக்கு இலைச்சருகு மூடாக்கு.

இன்னொன்று, ஒட்டுக்கட்டிய செடி வேண்டாம். அடிச்செடியிலிருந்து வரும் காட்டுத்துளிர் படர்ந்த புதருக்குள் கண்ணிலேயே படாது. குச்சி நட்டு வேர்விட்ட செடி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

மலைச்சரிவு:
நன்றி. அப்படியானால் இந்த ஆகஸ்டிலேயே முழுச் சரிவையும் கொத்திவிடலாமா?

கேத்தி அக்கா:
வேண்டாம் தம்பி! உங்கள் பக்கம் பெருமழையே வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரில் வெறும் மண்ணாக நின்றால் பாதி ரோட்டுக்கு இறங்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக எடுங்கள், ஒரு பட்டை புல், ஒரு பட்டை சுத்தம். கீழ் ஓரத்தில் வெட்டிவேர் ஒரு வரிசை நட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், முழுவதையும் ரோஜா தலையில் கட்டாதீர்கள். நம் மலை மண் புளிப்பு, பரிசோதித்துப் பார்த்துத் தேவையானால் புளிப்பைக் குறைக்க டோலமைட் (சுண்ணாம்பு வகைக் கல்தூள்) போடுங்கள். மூடுபனிக் காலத்தில் கரும்புள்ளி நோய் வரும், உதிர்ந்த இலையைச் செடியடியில் விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.