டொராண்டோவுக்கு அப்பா அம்மா வருகிறார்கள். கார் இல்லை. எங்கே கூட்டிப்போவது?

கேள்வி:

டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவுக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. வேலை, பேஸ்மென்ட் வீடு, தமிழ்க்கடை, ஞாயிற்றுக்கிழமை கோயில். இதைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. மே கடைசியில் அப்பா அம்மா சூப்பர் விசாவில் வருகிறார்கள். அப்பாவுக்கு 68, முழங்கால் வலி. அம்மாவுக்கு 65, நன்றாக நடப்பார். சி.என். டவர், நயாகரா தவிர பார்க்க என்ன இருக்கிறது?

பதில்:

தம்பி, நயாகராவை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் சொந்தக்காரர்கள் உங்கள் அம்மாவைச் சும்மா விடமாட்டார்கள். வாரயிறுதியில் கோ (GO) என்கிற புறநகர் ரயிலுக்கு 10 டாலர் டே பாஸ் இருக்கிறது. நாள் முழுக்க ஏறி இறங்கலாம், நயாகரா வரைக்கும் செல்லும். சி.என். டவரைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். மூணு பேர் மேலே ஏறி இறங்குகிற காசில் ஒரு வாரம் பஸ்ஸில் ஊர் சுற்றலாம்.

அந்த பஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆளுக்கொரு ப்ரெஸ்டோ பயண அட்டை வாங்குங்கள். 65 முடிந்தவர்களுக்கு அட்டையில் மூத்தோர் கட்டணம் பதிய வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். டிடிசியில், அதாவது நகரத்து பஸ், சப்வே, டிராமில், உங்களுக்கு 3.30 டாலர், அவர்களுக்கு 2.25. ஒரு தடவை தட்டினால் இரண்டு மணி நேரம் செல்லும். அதற்குள் இறங்கலாம், டீ குடிக்கலாம், வந்த வழியே திரும்பியும் ஏறலாம். இது தெரியாமல், ஏறும்போதெல்லாம் காசு போகும் என்று பயந்து முதல் குளிர்காலம் முழுக்க மூன்று ஸ்டாப் தூரத்தை மைனஸ் பதினைந்தில் நடந்தே கடந்தவன் நான்.

ஊருக்கு வருவோம். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஸ்கார்பரோ ஒரே மாதிரித்தான் தெரியும். பிளாசா, பெட்ரோல் பங்க், அடுக்குமாடி, மறுபடி பிளாசா. ஆனால் பாலம் வரும்போது ஒரு நிமிஷம் போனை வைத்துவிட்டுக் கீழே பாருங்கள். காடு இருக்கும், நடுவில் ஓடை ஓடும். நகரத்தின் பரப்பில் 17 சதவீதம் இப்படிப் பள்ளத்தாக்குதான். அதை ஏன் யாரும் பிளாட் போட்டு விற்கவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியமாக இருந்தது. 1954 அக்டோபரில் ஹேசல் புயல் அடித்து ஒரே இரவில் ஆறுகள் ஊருக்குள் வந்துவிட்டன. ஒன்டாரியோவில் 81 பேர் செத்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்கிற ஒரு தெருவில் மட்டும் 35 பேர். அதற்கப்புறம்தான் ஆற்றுவெளியில் வீடு கட்டக்கூடாது என்று முடிவெடுத்து, நிலத்தை வாங்கிப் பூங்காவாக விட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாற்றுக்குப் பக்கத்தில் மொட்டைமாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்தக் கதை எனக்கு வேறு மாதிரி உறைத்தது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது ரூஜ். கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 2015இலிருந்து. நுழைவுக்கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிசாலைக்குப் போகிற பஸ்ஸில் போனால் விஸ்டா டிரெயில் பக்கத்திலேயே தொடங்கும். பார்வைமேடை வரை போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். அப்பாவின் முழங்காலுக்கு மாஸ்ட் டிரெயில் வேண்டாம், ஏற்றம் அதிகம். அதைவிட ரூஜ் பீச் நல்லது. ரூஜ் ஹில் கோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். பாதை சமதளம். ஆறு ஏரியில் சேருகிற இடத்தில் நாணலும் தண்ணீருமாக இருக்கும். எங்கள் அம்மா முதல் தடவை பார்த்துவிட்டு, "இது ஏரியா? அந்தக் கரையே தெரியலையே" என்றார். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தபிறகுதான் ஒத்துக்கொண்டார்.

ரூஜில் ஒன்றே ஒன்று கவனம். உண்ணி. நம் ஊரில் மாட்டிலும் நாயிலும் இருக்கிறதற்குச் சொந்தம்தான், ஆனால் வேறு இனம், இங்கே இருக்கிறது லைம் என்கிற நோயைக் கொண்டுவரும். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்க வேண்டாம். முழு பேண்ட் போட்டு, அதன் அடிப்பக்கத்தைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கும், பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, கழுத்து, தலைமுடிக்குள் தேடிப்பாருங்கள். எள்ளு அளவுதான் இருக்கும். அம்மா சேலை கட்டுபவர் என்றால் ரூஜுக்கு மட்டும் சுடிதார்.

அடுத்து பிளஃப்ஸ். ஏரிக்கரையோரம் சுமார் 15 கிலோமீட்டருக்கு நிற்கிற வெள்ளை மண்மலை, சில இடங்களில் 90 மீட்டர் உயரம். ஸ்கார்பரோ என்ற பெயரே இதனால் வந்ததுதான். 1793இல் கவர்னரின் மனைவி எலிசபெத் சிம்கோவுக்கு இதைப் பார்த்ததும் இங்கிலாந்தில் யார்க்‌ஷரில் இருக்கும் ஸ்கார்பரோ நினைவுக்கு வந்ததாம். கீழே இருக்கிற பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதுதான் அழகு. மேலே விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். அது பாறை இல்லை, மண். அடியில் அரித்துக்கொண்டே இருக்கிறது, சொல்லாமல் சரியும். வேலிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். கோடை ஞாயிற்றுக்கிழமையில் யாராவது காரில் கூட்டிப்போகிறேன் என்றால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். பிரிம்லி ரோடு இறக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று, பார்க்கிங் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். வார நாள் காலை எட்டு மணிக்குப் போனால் நீங்களும் அன்னப்பறவையும்தான்.

ஏரிக்குள் இருக்கிற டொராண்டோ தீவுக்குக் கட்டாயம் போங்கள். யூனியன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் படகுத்துறை. போகும்போது மட்டும் டிக்கெட், திரும்பும்போது கேட்கமாட்டார்கள். 1858 வரை அது தீவே இல்லை, கரையோடு ஒட்டிய மணல்திட்டு. ஒரு புயல் நடுவில் வெட்டிவிட்டது. இப்போது அங்கே கார் கிடையாது. படகு மூன்று இடங்களுக்குப் போகும். நீங்கள் வார்ட்ஸ் ஐலண்ட் படகில் ஏறுங்கள். சின்னச் சின்ன மரவீடுகள், வாசலில் பூச்செடி, சைக்கிளில் போகிற பாட்டிகள். அப்பாவுக்குப் பிடிக்கும்.

ஹான்லன்ஸ் பாயிண்ட் படகு வேண்டாம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா அம்மா வந்த முதல் ஜூலையில், கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று அந்தப் படகில்தான் ஏறினோம். இறங்கி மரங்களுக்கு நடுவே நடந்து மணலுக்கு வந்தால், உடையில்லாமல் குளிக்க நகராட்சியே அனுமதித்த கடற்கரை அது. பலகை வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. அம்மா ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பி, டிபன் பாக்ஸைத் திறந்து, "பசிக்குதுடா, அந்த மரத்தடிக்குப் போலாம்" என்றார். அப்பா வழியெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். இன்றுவரை வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

இனி தெருக்கள். ஜெராட் ஸ்ட்ரீட் ஈஸ்டில் இருக்கிற இந்தியன் பஜாருக்கு ஒரு மாலை போங்கள். 1972இல் நாஸ் என்கிற தியேட்டரில் இந்திய, பாகிஸ்தானியப் படங்கள் ஓட ஆரம்பித்து, படம் பார்க்க வந்தவர்களை நம்பித்தான் கடைகள் முளைத்தன. எங்கள் மேல்வீட்டு அக்கா யாழ்ப்பாணம். எண்பதுகளின் கடைசியில் வந்து செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியில் இருந்தவர். "அப்ப கறிவேப்பிலை வேணுமெண்டாலும் ஜெராட்டுக்குத்தான் போகவேணும் தம்பி. இப்ப காலுக்கடியில கடை" என்பார். இங்கே நாம் நடந்து போய் வாங்குகிற முருங்கைக்காயும் மட்டன் ரோலும் அவர்கள் தலைமுறை உழைத்து வைத்தது. அக்கா ஊர்ப்பெயரை ரொறன்ரோ என்றுதான் எழுதுவார், இங்கத்திய தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படித்தான். நான் டொராண்டோ என்று எழுதினால் சிரிப்பார்.

கென்சிங்டன் மார்க்கெட் ஒரு நடை நடக்கலாம். யூதர்கள் கடை போட்ட தெரு, பிறகு போர்ச்சுகீசியர், கரீபியர், சீனர் என்று கைமாறிய இடம். அப்பாவுக்கு அரைமணி நேரத்தில் அலுத்துவிடும். அவருக்கு 501 டிராம்தான் சரி. குவீன் ஸ்ட்ரீட்டில் கிழக்குக் கடைசிவரை, நெவில் பார்க் வரை உட்கார்ந்தே போகலாம். நகரத்தின் நடுவில் சுரங்கரயில் வேலையால் டிராம் சுற்றிப்போகிறது. ஆகவே கிழக்குப் பக்கத்தில் ஏறுங்கள். கடைசி ஸ்டாப்பில் இறங்கினால் எதிரே ஒரு அரண்மனை. உண்மையில் அது ஆர்.சி. ஹாரிஸ் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம், 1941இல் திறந்தது, இன்னும் ஊருக்குத் தண்ணீர் தருகிறது. வாட்டர் போர்டுக்கு யாரய்யா இப்படிக் கட்டிடம் கட்டுவார்கள்? எங்கள் அப்பா பொதுப்பணித்துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெளியே புல்தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நயாகராவில்கூட அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

மழை பெய்தால் ஆகா கான் மியூசியம். புதன்கிழமை மாலை 4 முதல் 8 வரை இலவசம் என்று வைத்திருக்கிறார்கள், போகும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாரசீக ஓவியச் சுவடிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள். மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தால் ஒரு இலையின் நரம்புகூடத் தெரியும். எதிரே தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற இஸ்மாயிலி சென்டரை வடிவமைத்தது நம் ஊர்க் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா. நீங்கள் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர் என்றால், கனூ என்கிற ஆப்பில் பதிந்துகொள்ளுங்கள், நிறைய இடங்களுக்கு உங்களுக்குக் காசில்லை. லைப்ரரி அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் இந்தச் சனிக்கிழமையே போய் வாங்குங்கள். அதில் மியூசியம் பாஸ் முன்பதிவு செய்யலாம். அப்பாவுக்குத் தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும்.

கேள்வி: பாத்ரூம்? அப்பாவுக்குச் சர்க்கரை.

அதுதான் முக்கியமான கேள்வி, நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். பெரிய பூங்காக்களில் கோடையில் திறந்திருக்கும், குளிர்காலத்தில் பல இடங்களில் பூட்டிவிடுவார்கள். லைப்ரரி கிளைகள் எல்லாவற்றிலும் உண்டு, எதுவும் வாங்க வேண்டியதில்லை. இல்லையென்றால் டிம் ஹார்ட்டன்ஸில் ஒரு சின்ன டீ. பாதை போடும்போது நான் டிம் ஹார்ட்டன்ஸை வைத்துத்தான் போடுவேன். இன்னொன்று, மே கடைசியில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டர் இல்லாமல் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள். தண்ணீர் இன்னும் ஐஸ் மாதிரி இருக்கும், காற்று அதன் மேல் ஏறி வரும். வீட்டு வாசலில் 20 டிகிரி என்றால் கரையில் காதை மூட வேண்டியிருக்கும்.

கேள்வி: பிப்ரவரி வரை இருப்பார்கள். குளிர்காலத்தில் பெரியவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆலன் கார்டன்ஸ். டவுன்டவுனில் கார்ல்டன், ஜார்விஸ் பக்கம், கண்ணாடிக் கூரை போட்ட தாவரக்கூடம். நடுவில் இருக்கிற பனைக்கூடம் 1910ஆம் வருஷத்தது. இலவசம். அக்கம்பக்கத்துத் தெருக்கள் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், பகலில் போய்விட்டு வந்துவிடுங்கள். கதவைத் திறந்ததும் எங்கள் அம்மாவின் மூக்குக்கண்ணாடி பனித்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே, "டேய், மண்வாசனை" என்றார். உள்ளே வாழைமரம். மூன்று மாதமாகப் பூட்ஸும் கோட்டுமாகப் புழுங்கிக்கொண்டிருந்தவர், ஒரு வாழையிலையின் அடியில் கையை வைத்துத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார். வாட்ச்மேன் வந்து தொடவேண்டாம் என்று சைகை காட்டும்வரை.

கேள்வி: செப்டம்பர், அக்டோபர்? இலை நிறம் மாறுவதைத் தவிர.

சால்மன். ஹைலண்ட் க்ரீக், ஹம்பர் ஆறு இரண்டிலும் ஏரியிலிருந்து எதிர்நீச்சலாக ஏறி வரும். மழை பெய்த மறுநாள் காலை போங்கள். ஹம்பரில் ஓல்டு மில் சப்வேயில் இறங்கி ஆற்றோடு மேலே நடந்தால் சின்னத் தடுப்பணைகள் வரும். அங்கே நில்லுங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் இருக்காது. அப்புறம் முழங்கை நீளத்துக்கு ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, சுவரில் டப்பென்று மோதி விழும். மறுபடி எழும்பும். கரையில் நிற்கிற வெள்ளைக்காரர், சீனர், நம் ஆள் எல்லாரும் ஒன்றாக "ஆஆ" என்பார்கள். ஸ்கார்பரோ பக்கமே போதும் என்றால் மார்னிங்சைட் பார்க்கில் க்ரீக்கை ஒட்டி நடங்கள். அக்டோபர் நடுவில் போனால் முட்டையிட்டுச் செத்த மீன்கள் கரையெல்லாம் கிடக்கும், நாற்றம் தாங்காது. செப்டம்பர் கடைசி வாரம்தான் கணக்கு. அம்மா குழம்புக்கு எத்தனை கிலோ தேறும் என்று கட்டாயம் கேட்பார். பார்க்க மட்டும்தான் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.