பேறுகாலப் பணிப்பெண் தேவை

குழும அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் என் மகளுக்குப் பத்து நாள்களுக்கு முன் ஆண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி இரத்தப் பரிசோதனையில் குழந்தைக்கு ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருப்பது தெரியவந்ததால், மஞ்சள் காமாலை கூடுகிறதா என்று பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலூட்டத் துணை நிற்கவும், பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எனப் பத்தியம் சமைக்கவும் தெரிந்த, தமிழ் பேசும் பணிப்பெண் எவரையேனும் நீங்கள் அமர்த்தியிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். மலேசியாவிலிருந்து வருபவருக்கு, குழந்தை பிறந்த நாளிலிருந்து 16 வாரங்கள் வரைதான் வேலை அனுமதி உண்டு என்பதால் தாமதிக்க இயலாது. ஒரே நிபந்தனை, அவர் அந்துருண்டை வாடையடிக்கும் துணி எதையும் கொண்டுவரக் கூடாது. இக்குறைபாடுள்ள பிள்ளைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. நான் ஆசையாய்ப் பாதுகாத்த பழைய வேட்டித் துண்டுகளையே அதற்காக மூட்டை கட்டிவிட்டேன்.