மறு: தீயணைப்புச் சொற்பட்டியல் – ‘படி மின்னழுத்தம்’ வேண்டாமே

அன்பின் குழும நண்பர்களுக்கு,

தீயணைப்பில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நம் குழுமம் தயாரிக்கும் தமிழ்ப் பட்டியலின் மின்சாரப் பகுதியை முழுதும் படித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கீழே உள்ள முதல் வரியை இப்படியே அச்சுக்கு அனுப்பக் கூடாது.

> ஸ்டெப் வோல்டேஜ் – படி மின்னழுத்தம்
> டச் வோல்டேஜ் – தொடு மின்னழுத்தம்

இரண்டாவது (மின்சாரம் ஏறிய பொருளைத் தொடுகிறவரின் உடலில் வரும் மின்னழுத்தம்) சரி, அது ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல்தான். முதலாவதைப் பற்றித்தான் (மின்சாரம் பாயும் நிலத்தில் நிற்பவரின் இரண்டு கால்களுக்கும் இடையே வரும் மின்னழுத்த வேறுபாடு) இந்த மடல்.

இந்தப் பட்டியல் பொறியியல் மாணவருக்கானது அல்ல, தீயணைப்புத் துறையில் சேரும் இளைஞருக்கும் வெள்ள நேரத்தில் உதவிக்கு ஓடும் தன்னார்வலருக்கும் என்று நாம்தான் முடிவு செய்தோம். அவர் இந்தச் சொல்லைக் கேட்கப்போவது எங்கே? புகைக்குள்ளே, வாக்கிடாக்கியின் இரைச்சலில். எரிகிற கட்டடத்தில் ‘படியில் மின்னழுத்தம்’ என்று காதில் விழுந்தால் எவருக்கும் மாடிப்படிதான் நினைவுக்கு வரும். ‘நடை மின்னழுத்தம்’ என்று இன்னொரு நண்பர் சொன்னதிலும் இதே சிக்கல், கோயில் நடையும் வீட்டு நடையும் இருக்கிறதே. ‘எட்டு’ என்றால் எண். ‘அடி’ இன்னும் மோசம்: அளவும் அடி, கீழ்ப்பகுதியும் அடி, ஷாக்கும் ‘அடிக்கத்தான்’ செய்கிறது. ஒரு சொல்லுக்கு நாலு பொருள் இருப்பது கவிதையில் அழகு, தீ விபத்து நடந்த இடத்தில் ஆபத்து.

அடுத்து, சொல் எதைக் குறிக்கிறது என்பதற்கு வருவோம். மின்கம்பி அறுந்து மண்ணில் விழுந்தால் அந்த இடத்து மண்ணே மின்னழுத்தம் ஏறி நிற்கும். கம்பி தொடும் புள்ளியில் மிக அதிகம், விலக விலகக் குறைந்துகொண்டே போகும். ஒரு கால் கம்பிக்கு அருகிலும் மறுகால் சற்றுத் தள்ளியும் இருந்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு மின்னழுத்த வேறுபாடு வரும், அதுதான் ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்கும் மின்னோட்டத்துக்குக் காரணம். கம்பியைத் தொடவே வேண்டாம். ‘நான் தொடலையே, தள்ளித்தானே நிக்கிறேன்’ என்று நினைக்கிறவர்தான் இதில் மாட்டுகிறார்.

அளவு புரிவதற்காக ஒரு கணக்கு. மண்ணின் தன்மின்தடை (மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 100 ஓம்-மீட்டர், மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டம் 50 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி விழுந்த புள்ளியிலிருந்து 1 மீட்டரில் ஒரு காலும் 2 மீட்டரில் ஒரு காலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 400 வோல்ட். 5 மீட்டரிலும் 6 மீட்டரிலும் என்றால் 27 வோல்ட் போல. 10 மீட்டர் தாண்டி வைத்தால் 7 வோல்ட்தான். மின்விநியோகக் கம்பிகளுக்குக் குறைந்தது 10 மீட்டர் விலகி நில் என்று பல நாட்டுப் பயிற்சிகளிலும் சொல்வதன் நியாயம் இதில் தெரியும் (மண்ணும் மின்னோட்டமும் இடத்துக்கு இடம் மாறும், அதனால் ஈர நிலத்திலும் உயர் மின்னழுத்தத் தடங்களிலும் இன்னும் அதிகம் விலக வேண்டும். கம்பிவேலியோ சாலையோர இரும்புத் தடுப்போ பக்கத்தில் இருந்தால் மின்சாரம் அது வழியே வெகுதூரம் போய்விடும்).

இதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். 2 மீட்டர் தூரத்தில் ஒருவர் காலை ஒரு மீட்டர் அகட்டி வைத்தால் 133 வோல்ட். அதே இடத்தில் பாதங்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர்தான் என்றால் சுமார் 19 வோல்ட். தூரம் ஒன்றே, கால்களின் இடைவெளி மட்டும்தான் மாறியது. ஆக, ஆபத்து இருப்பது இரண்டு கால்களுக்கும் இடையில். அதைத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்பது என் வாதம். என் பரிந்துரை ‘காலிடை மின்னழுத்தம்’.

‘தப்படி மின்னழுத்தம்’ என்ற பரிந்துரையும் வந்தது. நல்ல தமிழ்ச் சொல்தான், தென்மாவட்டத்துக்காரருக்கு உடனே விளங்கும். ஆனால் அது நடையைக் குறிக்கிறது, இந்த ஆபத்துக்கு நடக்க வேண்டியதே இல்லை, காலை அகட்டிச் சும்மா நின்றாலே போதும். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் ஒரே இடியில் 323 கலைமான்கள் இறந்தன. அத்தனையின் மேலும் நேராக மின்னல் விழுந்திருக்க முடியாது, பெரும்பாலானவற்றை நிலத்தின் வழியே வந்த மின்சாரம்தான் கொன்றிருக்க வேண்டும். நாலுகால் விலங்குக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், இதயமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. நம் ஊரில் அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் மனிதரைவிட மாடு சுலபமாகச் சாவதற்கும் அதுவே காரணம். ‘காலிடை’ மாட்டுக்கும் பொருந்தும், நிற்பவருக்கும் பொருந்தும். ‘தப்படி’ நடப்பவரோடு நின்றுவிடும்.

‘காலிடை’ கேட்க ஒரு மாதிரி இருக்கிறது, வகுப்பில் சிரிப்பார்கள் என்று ஒருவர் தயங்கியிருந்தார். சிரிக்கட்டும், சிரித்த சொல் மறக்காது. ‘கவடு’ என்று இலங்கை நண்பர் சொன்னதை நான் இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் சென்னையில் பிறந்த இருபது வயதுப் பையனுக்கு அதை விளக்க வேண்டியிருக்கும்.

‘கம்பி அறுந்தால் பிரேக்கர் தானே ட்ரிப் ஆகிவிடும், இவ்வளவு விவாதம் எதற்கு’ என்று கேட்டவருக்கு: எப்போதும் ஆகாது. காய்ந்த மணலிலோ தார்ச்சாலையிலோ கம்பி கிடந்தால் மின்னோட்டம் குறைவாகத்தான் இறங்கும், பழுதைக் கண்டு பிரேக்கரை ட்ரிப் செய்யும் ரிலேவுக்கு அது சாதாரண லோடு போலவே தெரியும். ட்ரிப் ஆனாலும் ரீகுளோசர் (நின்ற மின்சாரத்தைத் தானே மறுபடி இணைக்கும் கருவி) இருக்கும் விநியோகத் தடத்தில் சில நொடிகளில் மின்சாரம் தானாகத் திரும்பி வரும், அது இல்லாத இடத்தில் சப்ஸ்டேஷனிலிருந்து ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. தீப்பொறி இல்லை, சத்தம் இல்லை என்பதால் கம்பி செத்துவிட்டது என்று பொருளில்லை. மின்வாரியத்தார் வந்து நிறுத்தி, சோதித்து, எர்த் செய்து, ‘சரி’ என்று சொல்லும்வரை அது உயிருள்ள கம்பிதான்.

வெளியேறும் முறைக்கும் சொல் வேண்டும். பட்டியலில் ‘நொண்டியடித்தல்’ என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஒற்றைக் காலில் நொண்டுகிறவர் தடுமாறி விழுவார், விழும்போது கையை ஊன்றுவார். அப்போது கைக்கும் காலுக்கும் இடையிலான தூரம் எந்தத் தப்படியையும் விடப் பெரியது, மின்னோட்டமும் நெஞ்சு வழியே போகும். இரண்டு காலையும் சேர்த்துத் தத்துவதிலும் பாரமான உடையும் மூச்சுக்காற்று சிலிண்டருமாக இருப்பவருக்கு இதே அபாயம் உண்டு. பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல், ஒரு குதிகால் மறுகாலின் பெருவிரலைத் தாண்டாமல், தேய்த்துத் தேய்த்து நகர்வதே நல்லது. அதற்கு ‘தேய்நடை’ என்று வைக்கலாமா? எனக்குப் பிடித்திருக்கிறது, இதைவிடச் சிறந்தது இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கட்டளை மட்டும் ‘காலைச் சேர்!’ என்றே இருக்கட்டும்.

தொடு மின்னழுத்தத்துக்கு விளக்கம் எழுதும்போது கம்பியைக் கையால் தொடுவதை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் கோயில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்களே, கம்பியில் பட்டது தேரின் உச்சி. அலுமினிய ஏணி மேலே உரசும்போது அடியில் பிடித்திருப்பவர், கம்பி விழுந்த வண்டியின் கதவைத் தரையில் நின்றபடி திறக்கப் போகிறவர், எல்லாரும் இந்தச் சொல்லுக்குள் வர வேண்டும். வண்டிக்குள் இருப்பவரை உள்ளேயே இருக்கச் சொல்ல வேண்டும். வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு காலும் சேர்ந்து விழக் குதித்து, அங்கிருந்து தேய்நடையில் விலக வேண்டும்.

இன்னொரு சொல்லையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பேக்ஃபீட்’ என்பதற்குப் ‘பின்னூட்டம்’ என்று போட்டிருப்பது குழப்பும், அது கருத்துச் சொல்வதற்கு நிலைத்துவிட்டது. ‘எதிர்வழி மின்சாரம்’ எனலாம். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் கொடுத்த ஜெனரேட்டரின் 230 வோல்ட், டிரான்ஸ்பார்மர் வழியே தலைகீழாக ஏறி, நிறுத்திய லைனிலும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உண்டாக்கும். கூரைச் சூரியத்தகடு இதில் சேராது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும்: மெயினை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரையிலான ஒயரில் சில நூறு வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

பட்டியலுக்கு என் பதிவு:

காலிடை மின்னழுத்தம் – மின்சாரம் பாயும் நிலத்தில் ஒருவரின் (அல்லது விலங்கின்) கால்கள் ஊன்றிய இடங்களுக்கு இடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாடு. கணக்கீட்டில் இடைவெளி 1 மீட்டர் எனக் கொள்வர். கம்பியைத் தொடாதவரையும் தாக்கும். கட்டளை: காலைச் சேர். காண்க: தொடு மின்னழுத்தம், தேய்நடை.

‘தேய்நடை’ பற்றி, களத்தில் வேலை செய்கிறவர்கள் வேறு சொல் பழகியிருந்தால் எழுதுங்கள். அவர்கள் வாயில் வருவதையே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்