ஹைலக்ஸ் டபுள் கெப்புக்கு டொல்பின் வான் என்ஜின்: பழையதைக் கடையில் கொடுத்துவிடலாமா?

முரசுமோட்டை வயல்:
வணக்கம் அண்ணைமார். என்னிடம் 1992 ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. டொயோட்டாவின் எல்என்106 மொடல், நாலு சில்லும் இழுக்கிற வகை, உள்ளே 3எல் என்ற வகை டீசல் என்ஜின். அப்பா ஆசையாக வாங்கிய வண்டி. போன காலபோக அறுவடையில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு பரந்தன் பக்கம் வரும்போது ஹீற் ஏறி நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால் ஹெட்டில் இரண்டு வால்வுக்கு நடுவே வெடிப்பு, மூன்றாவது சிலிண்டரிலும் கீறல். வேறு வாகனம் வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு ஏறிய விலை, 2025இல் திரும்பத் திறந்த பிறகும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடையில், டொல்பின் என்று சொல்கிற ஹையேஸ் வானிலிருந்து கழற்றிய இரண்டு என்ஜின் காட்டினார்கள். ஒன்று 3எல், மற்றது 5எல். பழைய என்ஜினைக் கொடுத்தால் விலையில் ஒரு தொகை கழிப்பதாகவும் கடைக்காரர் சொல்கிறார். எங்கள் மெக்கானிக் எல்லாம் ஒரே குடும்பம்தான், அப்படியே உட்காரும் என்கிறார். உண்மையா? எதை எடுப்பது, பழையதைக் கொடுக்கலாமா? அடுத்த அறுவடைக்குள் வண்டி ஓட வேண்டும்.

பழைய டீசல்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள். வான் என்ஜின் ஏறி, ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழையது உங்கள் வீட்டுக் கொட்டிலிலேயே கிடக்கட்டும்.

மெக்கானிக் சொன்னது புளொக்கைப் பொறுத்தவரை சரி. 3எல் 2779 சிசி, 5எல் 2986 சிசி, இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 96 மில்லிமீற்றர்தான், 5எல்லில் சிலிண்டர் மட்டும் 96இலிருந்து 99.5 ஆகப் பெருத்திருக்கிறது. உங்கள் கியர் பொக்ஸ் இரண்டிலும் பூட்டும். ஆனால் வானில் என்ஜின் முன் சீற்றுக்கு அடியில் கிடக்கிறது, உங்கள் வண்டியில் என்ஜினுக்குக் கீழே வில்லுத் தகட்டில் முழு முன் அச்சு, டிப்பரன்சலோடு ஏறி இறங்குகிறது. வானின் சம்ப்போடு, அதாவது என்ஜினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியோடு, தூக்கி வைத்தால் முதல் குழியிலேயே அது சம்ப்பில் முட்டும். ஆகவே உங்கள் பழைய சம்ப்பைப் போட வேண்டும். சம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு ஒயில் உறிஞ்சும் சல்லடைக் குழாயை வானுடையதாகவே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்ப்பின் பள்ளம் ஒரு இடத்தில், குழாயின் வாய் இன்னொரு இடத்தில். மேட்டில் ஏறும்போது ஒயில் பின்னால் ஓடிவிடும், குழாய் காற்றை உறிஞ்சும், பெயாரிங் போய்விடும். இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். என்ஜின் மவுண்ட் பிராக்கெற், மானிபோல்ட், தண்ணீர்க் குழாய் வாய்கள் எல்லாவற்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேறாக இருந்தால் பழையதைக் கழற்றிப் போடுங்கள். இதற்குத்தான் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. அந்த வான் ஓட்டோ கியரா, கையால் போடும் கியரா என்று கேளுங்கள். ஓட்டோ என்றால் பின்னால் பிளைவீல் இருக்காது, மெல்லிய தகடு ஒன்றுதான் இருக்கும். உங்கள் பிளைவீலைப் பூட்டலாம், ஆனால் பிளைவீல் பூட்டும் கிராங் தண்டின் நுனித் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கியர் பொக்ஸ் தண்டின் நுனி தாங்கி நிற்கும் சின்ன பைலட் பெயாரிங் ஓட்டோ என்ஜினில் இருக்காது. அது இல்லாமலும் பூட்டுப்படும், ஓடும், பிறகு கிளச் கத்தத் தொடங்கும், கியர் பொக்ஸின் முன் பெயாரிங்கும் தேயும். முழுவதையும் திரும்ப இறக்க வேண்டிவரும்.

ரிங் ஸ்பனர்:
அண்ணை சொன்னதோடு, ஸ்ராட் பண்ணும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா டீசலில் 6 வோல்ட், 12 வோல்ட் இரண்டு வகையும் வந்திருக்கிறது. வானிலிருந்து வந்த பிளக் 6 வோல்டாக இருந்து உங்கள் வயரிங் நேராக 12 கொடுத்தால் நுனி ஊதி வெடிக்கும், கழற்றவும் வராது. பிளக்கில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், குழப்பமென்றால் உங்கள் வண்டிக்குரிய பிளக்கையே நாலும் புதிதாகப் போடுங்கள்.

மன்னார் லொறி:
3எல்லா 5எல்லா என்பதை விட எது நல்ல நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பெற்றரியும் ஸ்ராட்டரும் பூட்டி, கடையில் வைத்தே கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். 3எல்லுக்கு நல்ல நிலையில் 450 பிஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டும், 284க்குக் கீழே போனால் அது முடிந்த என்ஜின். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 70க்குள் நிற்க வேண்டும். ஒயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் படை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

5எல்தான் எடுப்பதென்றால் டீசல் பம்ப்பைப் பாருங்கள். கைவிரல் பருமனுக்கு வயர்க் கட்டு போனால் அது கொம்பியூட்டர் வகை, 5எல்-ஈ. பழைய ஹைலக்ஸில் அதை ஓட வைப்பது பெரிய தலையிடி.

டைமிங் பெல்ட்டை என்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றுங்கள், டென்ஷனரும் தண்ணீர்ப் பம்ப்பும் சேர்த்து. 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பெல்ட் அது, அந்த வான் எவ்வளவு ஓடியது என்று கடைக்காரருக்கே தெரியாது. அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபட்டு வளையும்.

எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் பழைய என்ஜின் ஏன் ஹீற் ஏறியது? அதைக் கண்டுபிடித்தீர்களா? றேடியேற்றரை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல என்ஜினைப் பூட்டினால் அடுத்த அறுவடையில் அதுவும் வெடிக்கும். மேல்தொட்டியைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுத் துப்புரவாக்குங்கள், றேடியேற்றருக்குக் காற்று இழுக்கும் பானின் கிளச்சையும் பாருங்கள்.

வவுனியா 4x4:
பத்திரம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்ஜின் மாற்றி நாலு வருடம் நன்றாக ஓடினேன், விற்கப் போனபோது பதிவுப் புத்தகத்தில் ஒரு இலக்கம், புளொக்கில் வேறு இலக்கம். வாங்க வந்தவர் முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரசீது அதற்குள் தொலைந்துவிட்டது, கடையும் இல்லை. காசு கொடுக்கும் அன்றே என்ஜின் இலக்கம் எழுதிய ரசீதும் சுங்கப் பத்திரப் பிரதியும் கேட்டு வாங்குங்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியுங்கள், காப்புறுதிக்கும் அறிவியுங்கள். 3எல் எடுத்தால் மாறுவது இலக்கம் மட்டும், 5எல் என்றால் சிசியும் மாறும். அதனால் என் வாக்கு 3எல்லுக்கு.

முரசுமோட்டை வயல்:
எல்லாருக்கும் நன்றி அண்ணைமார். நேற்றுப் போய் 3எல்லை எடுத்தாயிற்று. கொம்பிரஷன் நாலிலும் 400க்கு மேல் காட்டியது. ரசீதில் இலக்கம் எழுதி வாங்கினேன், சுங்கப் பிரதியும் கையில் இருக்கிறது. பழையதைக் கொடுக்கவில்லை, கடைக்காரருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியதுதான். பழைய டீசல் அண்ணை சொன்னபடியே அது ஓட்டோ வானிலிருந்து வந்தது, கிராங் நுனியில் பெயாரிங் இல்லை. புதிது ஒன்று வாங்கி வந்தேன்.

இன்று காலை இரண்டு சம்ப்பையும் கழற்றிச் சாக்கு விரித்து அதன் மேல் சல்லடைக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வளைவே வேறு. மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், பிறகு அவரே பழைய குழாயை எடுத்து டீசலில் கழுவத் தொடங்கிவிட்டார். றேடியேற்றர் கிளிநொச்சியில் கழுவக் கொடுத்திருக்கிறது, வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஏற்றுகிறோம்.