மண்புழு எல்லாம் மூடி வரைக்கும் ஏறி வருது, சிலது வீங்கி சாகுது, என்ன பண்றது?

பச்சைவிரல்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குள்ளயே ஒரு பிளாஸ்டிக் தொட்டில மண்புழு வளத்துட்டு இருக்கேன், ஐசீனியா ஃபெட்டிடா, அந்த செவப்புப் புழு. கீழ கிழிச்ச அட்டைப்பெட்டியும் பேப்பரும் போட்டு மேல காய்கறித் தோல் போடுவேன், தினமும் லேசா தண்ணி தெளிப்பேன், ரொம்ப நல்லா போயிட்டு இருந்துச்சு. போன வாரம் வீட்ல ஆளுங்க நெறைய இருந்ததால மீந்துபோன சமைச்ச சாப்பாடு, வேகவெச்ச பருப்பு எல்லாம் தொட்டிக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் மூடியத் தொறந்தாலே புளிச்ச வாடை, புழு எல்லாம் ஓரத்துல ஏறி மூடிக்கு அடியில கொத்துக்கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கு. சில புழு உடம்பு பாசிமணி கோத்த மாதிரி நடுநடுவுல சுருங்கி வீங்கி இருக்கு, அதெல்லாம் கொஞ்ச நேரத்துல செத்துடுது. கூடவே வெள்ளையா மெல்லிசா பொடிப்புழு ஏகப்பட்டது, இது குட்டியா வேற ஏதாவதா? மொத்தத்தையும் கொட்டிட்டு புதுசா ஆரம்பிக்கணுமா? இதுங்கள காப்பாத்த முடியும்னா என்ன வேணா பண்றேன், ப்ளீஸ் சொல்லுங்க.

மாடித்தோட்டம்:
மூடியத் தொறந்து வெச்சு ராத்திரி பூரா லைட்ட போட்டு விடுங்க, மண்புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, தானா உள்ள போயிடும்.

உரக்குழி:
லைட் யோசனை புதுசா ஆரம்பிச்ச தொட்டிக்குதான் சரி சகோ, இடம் பழகாம அலையற புழுவ மொத ஒண்ணு ரெண்டு நாள் அப்படி உள்ள நிறுத்தலாம். இங்க கதை வேற, கீழ இருக்க முடியாமதான் மேல ஓடி வருதுங்க, வெளிச்சத்த காட்டி திரும்ப அதுக்குள்ளயே தள்ளுனா மிச்சமும் செத்துடும். தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க.

பச்சைவிரல், மணி மணியா வீங்கறது புரதமும் மாவுச்சத்தும் அதிகமானா வர்ற பிரச்சனை. வேகவெச்ச பருப்பு உள்ள புளிச்சு நொதிக்க ஆரம்பிச்சு அமிலமும் கேஸும் உண்டாகுது, அத தின்ன புழுவோட வயித்துக்குள்ளயும் அதே நொதிப்பு நடக்குது, அதனாலதான் உடம்பு அப்படி முடிச்சு முடிச்சா ஆகுது. அந்த நிலைக்குப் போன புழு பெரும்பாலும் பொழைக்காது, அத எடுத்துடுங்க. ஆனா மேல ஏறி நிக்கறது எல்லாம் இன்னும் தெம்பா இருக்கறதுங்க, அத கண்டிப்பா காப்பாத்தலாம்.

இன்னைக்கே ஒரு பேசினோ பழைய வாளியோ எடுத்து அடில ஓட்டை போட்டு, ஈரமாக்கின அட்டைத்துண்டு இல்லன்னா நல்லா அலசின தென்னை நார்க்கழிவ போட்டு (அலசாம போட்டா அதுல இருக்கற உப்பு புழுவ வாட்டிடும்) மூடில ஒட்டிட்டு இருக்கறதெல்லாம் கையால வழிச்சு அதுல விட்டுடுங்க, ரெண்டு மூணு நாளைக்கு சாப்பாடே போடாதீங்க, பட்டினில சாகாது, அந்த அட்டையவே திங்கும். பழைய தொட்டில புளிச்சுக் கெடக்கற சாப்பாட்ட கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அள்ளி வெளிய எடுத்துட்டு, மிச்சத்த கெளறி காத்தாட விட்டு, காஞ்ச அட்டைய நெறைய கலந்து விடுங்க. கொட்டவே வேணாம்.

இனிமே போடறப்ப அளவு முக்கியம். ஒரு கிலோ புழு இருந்தா நாளைக்கு அரைக்கிலோ கழிவு வரைக்கும் திங்கும்னு சொல்வாங்க, அது எல்லாம் கூடி வர்றப்ப. நான் அதுல பாதிக்குக் கீழதான் போடுவேன், முன்னாடி போட்டது கரைஞ்சப்புறம்தான் அடுத்தது. புழுவுக்குப் பல்லு கெடையாதுங்க, நுண்ணுயிரி மொதல்ல அழுக வெச்சு மெத்துன்னு ஆக்குனாதான் அதால உறிஞ்ச முடியும், அதனால நாம அவசரப்பட்டு மேல மேல போட்டா அது புழுவுக்குப் போகாது, புளிக்கத்தான் போகும்.

ஈரமண்:
அக்காவா அண்ணனான்னு தெரியல, தினமும் தண்ணி தெளிக்கறேன்னு எழுதிருக்கீங்களே, பிளாஸ்டிக் தொட்டிக்கு அது தேவையே இல்ல. காய்கறித் தோல்லயே முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அது வெளிய போக வழியும் இல்ல. புழு தோல் வழியா மூச்சு விடுது, அதுக்கு ஈரம் வேணும், ஆனா தண்ணி தேங்குனா காத்து இல்லாம திணறிடும். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிஞ்சு பாருங்க, ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகுச்சுன்னா காஞ்ச அட்டை போடணும், ஒண்ணுமே வரலன்னா மட்டும் தெளிங்க.

அந்த வெள்ளைப்புழு பத்தி: செவப்புப் புழுவோட குட்டி மொதல்ல வெளுப்பாதான் இருக்கும், ஆனா உத்துப் பாத்தா உடம்புக்குள்ள செவப்பா ஒரு ரத்தக்கோடு ஓடும். முழுசா பால்வெள்ளையா இருந்தா அது பாட் வார்ம், வேற இனம், புழுவ கடிக்காது. ஆனா அது பெருகுதுன்னா தொட்டி ரொம்ப ஈரமா புளிப்பா இருக்குன்னு அர்த்தம். முட்டை ஓட்ட நல்லா காய வெச்சு மாவா பொடிச்சு ரெண்டு ஸ்பூன் தூவுங்க, புளிப்பு மெதுவா கொறையும், புழுவோட அரவைப்பைக்கும் அந்த நறநறப்பு ஒதவும். சுண்ணாம்பு போடுன்னு யாராவது சொன்னா சுட்ட சுண்ணாம்ப மட்டும் போட்டுடாதீங்க, புழு வெந்துடும்.

பச்சைவிரல்:
ரொம்ப ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும் (அக்காதான்). மேல இருந்ததெல்லாம் வாளிக்கு மாத்திட்டேன், உள்ள போயிடுச்சுங்க, திரும்ப ஏறல. பழைய தொட்டிய கெளறுனப்ப ரெண்டு முனையும் கூரா மஞ்சளும் பழுப்புமா பொடி உருண்டைங்க நெறைய கெடக்குது, விதையான்னு நசுக்கப் பாத்தேன், நசுங்கல. எடுத்துடவா?

உரக்குழி:
ஐயோ நசுக்காதீங்க அக்கா, அதுதான் முட்டைக்கூடு! மஞ்சளா இருக்கறது புதுசு, பழுப்பு ஏற ஏற பொரியற நேரம் நெருங்குதுன்னு அர்த்தம். ஒரு கூட்டுக்குள்ள பொதுவா ரெண்டு மூணு குட்டி இருக்கும், சூடும் ஈரமும் தோதா இருந்தா சுமாரா 3 வாரத்துல பொரியும், பொரிஞ்ச குட்டிக்கு பட்டை (வளந்த புழு உடம்பச் சுத்தி தடிப்பா தெரியுமே, அந்த வளையம்) வந்து முட்டை போட இன்னும் ரெண்டு மாசம் கிட்ட ஆகும். பாதி புழு போயிருந்தாக்கூட தொட்டி திரும்ப நெறையும். அந்த மண்ண அப்படியே விட்டு காஞ்ச அட்டை மட்டும் மேல மூடி வைங்க, வெயில் படாத எடமா பாத்துக்கங்க, இந்த இனத்துக்கு 15லேர்ந்து 25 டிகிரி ரொம்பப் பிடிக்கும், 30 தாண்டுனாலே தவிக்கும், 35 போச்சுன்னா தாங்காது.

ஈரமண்:
தொட்டி அடில ஓட்டை இருக்கான்னும் பாருங்க அக்கா, இல்லன்னா இன்னைக்கே போட்டு கீழ ஒரு தட்டு வைங்க. அதுல வடியற தண்ணில புளிச்ச வாடை இருக்கற வரைக்கும் செடிக்கு ஊத்தாதீங்க.